ஈ கட்டும் வகுப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குளிர்கால மாலைகளில் ஒன்றுகூடித் தூண்டில் ஈ கட்டக் கற்கும் குழுவினருக்கும், அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களுக்கும்:

தூண்டில் ஈ என்பது முள்ளின் மேல் இறகு, ரோமம், நூல், மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிச் செய்யும் செயற்கை இரை. மீன் தின்னும் பூச்சியையோ, பூச்சியின் இளம்பருவத்தையோ, குஞ்சுமீனையோ அது ஒத்திருக்கும். எடை என்று சொல்லும்படி அதற்கு எதுவும் கிடையாது. குண்டு கட்டிய சாதாரணத் தூண்டில், குண்டின் பாரத்தாலேயே தொலைவில் போய் விழும். ஈயை அப்படி எறிய முடியாது. ஃப்ளை மீன்பிடிப்பில் தடித்த நரம்பின் எடைதான் கோலின் வீச்சில் காற்றில் விரிந்து ஈயைச் சுமந்து செல்கிறது. ஆகவே ஈ லேசாக இருக்க வேண்டும். அதே சமயம் வீச்சின் வேகத்தில் பிரியாமலும், நீரில் ஊறிக் குலையாமலும், டிரவுட் மீனின் பற்களுக்குத் தாக்குப்பிடித்தும் நிற்க வேண்டும். கட்டும் முறைகள் எல்லாம் இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையில் உருவானவை.

தொழில் மிகப் பழையது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் மக்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி கட்டி, சேவலின் தாடிக்கடியில் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496-இல் வின்கின் டி வேர்டு அச்சிட்ட தூண்டில் மீன்பிடிப்புப் புத்தகத்தில் 12 ஈக்களின் செய்முறை இருக்கிறது. இத்தனை பழைய தொழில் ஊரார் கூடிக் கற்கும் பொழுதுபோக்காக மாறியது மட்டும் அண்மைக் காலத்தில்தான். கட்டுநர் பலர் நெடுங்காலம் அதைப் பிழைப்புக்குரிய ரகசியமாகவே காத்தனர்.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதி இதற்கு நல்ல சான்று. 1920-களில் அங்கே பேர்பெற்ற ஈ கட்டுநராக இருந்தவர் ரூப் கிராஸ். வால்ட் டெட் என்ற இளைஞர் தமக்குக் கற்றுத்தரும்படி கேட்டபோது கிராஸ் மறுத்துவிட்டார். டெட் அவரிடமே ஈக்களை விலைக்கு வாங்கினார்; வீட்டுக்குக் கொண்டுபோய் நூலைச் சுற்றுச்சுற்றாகப் பிரித்துப் பார்த்து முறையைத் தெரிந்துகொண்டார். அப்படித் தொடங்கியதுதான் ராஸ்கோ ஊரில் வால்ட், வின்னி டெட் தம்பதியர் நடத்திய கடை. அவர்களுக்குப் பின் அவர்கள் மகள் மேரி அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். ஸ்காட்லாந்தில் பிரோரா ஊரருகே வாழ்ந்த மேகன் பாய்ட், சால்மன் ஈக்கள் கட்டுவதில் உலகப் புகழ் பெற்றவர். அவரும் சிறுமியாக இருந்தபோது, பழைய ஈக்களைப் பிரித்து மறுபடி கட்டித்தான் பழகினார்; ஆனால் அவர் பக்கத்தில் இருந்து காட்டித்தர ஒரு வேட்டைக்காவலர் இருந்தார். கட்டி முடித்த ஈயில் கடைசிச் சுற்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அடியில் என்ன நடந்தது என்பது மறைந்துவிடும். பிரித்துப் பார்ப்பவர் பொருள்களின் வரிசையைக் கண்டுபிடிக்கலாம். எவ்வளவு இறுக்கத்தில் சுற்றினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்துதான் பெற முடியும். குழுவாகக் கற்பதன் முழுப் பயனும் இதில் இருக்கிறது. வகுப்பின் மற்ற ஏற்பாடுகளையெல்லாம் இதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

வகுப்புகள் பெரும்பாலும் மீன்பிடிப்புக் காலம் முடிந்த குளிர்மாதங்களில், வாரம் ஒரு மாலை என்ற கணக்கில், சங்கக் கூடத்திலோ நூலகத்திலோ தூண்டில் கடையின் பின்னறையிலோ நடக்கின்றன. சில ஊர்களில் மதுக்கூடங்களிலும் நடப்பதுண்டு. நீண்ட மேசை, ஆளுக்கொரு வைஸ், ஆளுக்கொரு விளக்கு இருந்தால் போதும். வைஸ் என்பது முள்ளை வளைவுப் பகுதியில் கவ்விப் பிடிக்கும் சிறிய தாடை. அது முள்ளை அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சுழலும் வைஸ், விலையுயர்ந்த வைஸ் எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை. நூல் சுருளைத் தாங்கும் பாபின், கூர்நுனிக் கத்தரி, இறகைக் கவ்வும் சிறு இடுக்கி, ஓர் ஊசி, முடிச்சிடும் கருவி ஆகியவற்றோடு கருவிப் பட்டியல் முடிந்துவிடுகிறது. காசு செலவழிக்க வேண்டிய இடம் கத்தரியும் பாபினும். பாபினின் குழல்வாய் சொரசொரப்பாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்; கற்பவர் அதைத் தம் கையின் குறை என்று நினைத்து மனம் தளர்ந்துவிடுவார். முதல் நாளே ஆசிரியர் ஒவ்வொரு பாபினையும் இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முள்ளின் எண்களும் புதியவரைக் குழப்பும். எண் கூடக் கூட முள் சிறுக்கிறது: 8-ஆம் எண் முள் கைக்கு அடக்கமாக இருக்கும், 14 சிறியது, 20 விரல்நுனியில் காணாமல் போகும். 1-க்கு மேலே பெரியவை 1/0, 2/0 என்று வளர்கின்றன. நூலை டெனியரில் அளக்கிறார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பெரிய ஈக்களுக்கு 140, சிறியவற்றுக்கு 70 பொதுவாகப் பொருந்தும். 14-ஐவிடச் சிறிய முள்ளில் முதல் பாடத்தைத் தொடங்கும் வகுப்பு கற்பவர்களைப் பாதி வழியிலேயே இழந்துவிடும்.

முதல் ஈயாக உல்லி பக்கர் பல இடங்களில் வழக்கமாகிவிட்டதற்குக் காரணம் உண்டு. பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸிங் 1967-இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் இந்த ஈ எந்த ஒரு பூச்சியையும் அப்படியே ஒத்திருக்காது. அட்டை, குஞ்சுமீன், நீர்ப்பூச்சி எதுவாகவும் மீனுக்குத் தோன்றலாம். அளவில் சிறிது பிசகினாலும் மீன் எடுக்கும். 8 அல்லது 10-ஆம் எண்ணில் நீளத்தண்டு முள் வேண்டும். நரம்பு கோக்கும் துளையான முள்ளின் காதுக்குப் பின்னால் நூலைத் தொடங்கி, சுற்றும் சுற்றும் தொட்டுக்கொண்டிருக்கும்படி வளைவு வரை படுக்கை போட வேண்டும். வழவழப்பான இரும்பின் மேல் நேரடியாகக் கட்டினால் எல்லாம் சுழன்றுவிடும். நூல்படுக்கை இருந்தால்தான் பிடிப்பு வரும். வளைவருகே மாராபூத் தூவியை வாலாகக் கட்டுகிறார்கள். மாராபூ என்ற பெயர் ஒரு பெருநாரையுடையது என்றாலும் இன்று கடையில் கிடைப்பது சாயமிட்ட வான்கோழித் தூவிதான். வாலின் நீளம் முள்ளின் தண்டு நீளம். அதே இடத்தில் மெல்லிய செப்புக் கம்பி ஒன்றையும், சேவலின் முதுகிறகு ஒன்றை நுனியாலும், செனில் நூலையும் அடுத்தடுத்துக் கட்டிவைக்க வேண்டும். பிறகு செனிலைக் காதை நோக்கிச் சுற்றி உடல் செய்து, அதன் மேல் இறகை ஐந்தாறு அகன்ற சுற்றுகளாக ஓட்டி, கடைசியில் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி இறகின் தண்டைக் குறுக்கே பிணைக்க வேண்டும். கம்பி எதிர்த்திசையில் போவதால்தான் ஒரு மீனின் பல் இறகை ஓரிடத்தில் அறுத்தாலும் ஈ முழுதும் அவிழ்ந்துவிடாமல் நிற்கிறது.

இந்தச் செய்முறையை அச்சில் படித்தால் சுலபமாகத் தெரியும். மேசையில் உட்கார்ந்தால் மூன்று இடங்களில் கை திணறும்.

முதலாவது, நூலின் இறுக்கம். தொய்வாகச் சுற்றினால் வால் கழன்று வரும். அழுத்தமாக இழுத்தால் நூல் அறும். மல்லிகைச் சரம் தொடுப்பவரின் விரல் காம்பு நசுங்காத, ஆனால் பூ நழுவாத இறுக்கத்தை எப்படி அறிந்திருக்கிறதோ, அப்படி ஓர் அறிவு விரலுக்கு வர வேண்டும். நூல் அறும் எல்லைக்குச் சற்று முன்னால்தான் சரியான இறுக்கம் இருக்கிறது. அந்த எல்லையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வேண்டுமென்றே நூலை அறுத்துப் பார்ப்பது. முதல் பதினைந்து நிமிடம் ஈ எதுவும் கட்டாமல், வெறும் முள்ளில் நூலை இழுத்து அறுக்கும் பயிற்சியை எல்லோருக்கும் கொடுக்கும் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறார். அறுந்துவிடுமோ என்ற அச்சம் அங்கேயே நீங்கிவிடுகிறது.

இரண்டாவது, பொருளை முள்ளின் மேல் வைத்துக் கட்டும் கணம். நூல் சுற்றும் திசையிலேயே தூவியும் உருண்டு முள்ளின் மறுபக்கம் போய்விடும். இடக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தூவியை முள்ளோடு சேர்த்துக் கிள்ளிப் பிடித்திருக்க, வலக்கை நூலை அந்த விரல்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, தளர்வான வளையமாக மறுபக்கம் இறக்க வேண்டும். பிறகு நேர்கீழாக இழுக்க வேண்டும். வளையம் விரல்களுக்குள் மூடிக்கொள்ளும். தூவி நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகுதான் விரலை எடுக்கலாம். முக்கியமான செயல் விரல்களுக்கு அடியில் மறைந்து நடப்பதால், எத்தனை நல்ல படமும் காணொளியும் இதை முழுதாகக் காட்ட முடியாது. பக்கத்தில் இருப்பவர் கற்பவரின் விரலைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால், இன்னும் அழுத்தி என்று சொல்லும்போது அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, தலைக்கு இடம் விடாமை. அநேகமாக எல்லாப் புதியவர்களும் உடலைக் காது வரை சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு இறகைக் கட்டவும் முடிச்சிடவும் இடமிருக்காது. நூல் காதை அடைத்துக்கொள்ளும். ஆற்றங்கரையில் நரம்பு கோக்க முடியாது. காதின் அகலத்தைப் போல் இரு மடங்கு இடத்தை முன்னால் வெறுமையாக விட்டுவிட வேண்டும். கட்டும்போது அது வீணாகக் கிடக்கும் இடம் போலத் தோன்றும். முடிக்கும்போது சரியாகப் போதும். கடைசி முடிச்சு நூலைத் தன் முனையின் மேலேயே நாலைந்து முறை சுற்றி இழுப்பது. ஒழுங்காகப் போட்டால் பசை இல்லாமலே நிற்கும். பசை கூடுதல் காப்பு.

இந்த மூன்றும் ஒருமுறை செய்தால் வராது. ஒரு மாலைக்கு ஒரு வகை என்று புதுப்புது ஈக்களைக் காட்டிக்கொண்டு போகும் வகுப்பு பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். காலம் முடியும்போது கற்பவரிடம் பத்து வகையில் பத்து அரைகுறை ஈக்கள் இருக்கும். ஒரே ஈயை, ஒரே முள்ளில், ஒரே நிறத்தில் ஆறு முறையாவது கட்ட வைப்பதே சரி. கட்டியவற்றை வரிசையாக ஒரு நுரைப்பலகையில் குத்தி வைத்தால், முதலாவதற்கும் ஆறாவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பவர் தாமே காண்பார். குளிர்காலம் முழுதுக்கும் நான்கு வகை போதும்.

அடுத்த மூன்றையும் ஒவ்வொரு புதிய திறனுக்காகத் தேர்ந்தெடுக்கலாம். பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆறுகள் முதல் அமெரிக்க ஆறுகள் வரை பயன்படும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் வகுத்தது. அவர் நூலே பயன்படுத்தவில்லை. ஃபெசன்ட் பறவையின் வாலிறகு இழைகள், மெல்லிய செப்புக் கம்பி என இரண்டே பொருள். கம்பியே கட்டாகவும் எடையாகவும் ஆகி, ஈயை நீருக்குள் இறக்குகிறது. குறைந்த பொருளில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. அல் டிராத்தின் எல்க் ஹேர் கேடிஸ், எல்க் மானின் ரோமத்தை நுனி சேர அடுக்கிக் கட்டவும், இறுக்கும்போது ரோமம் விரிவதைக் கட்டுப்படுத்தவும் பழக்குகிறது. ஆடம்ஸ் கடைசியாக வர வேண்டியது. மிச்சிகனில் லென் ஹாலடே 1922-இல் கட்டிய இந்த மிதக்கும் ஈக்கு நிமிர்ந்த சிறகுகளும், பழுப்பும் வரிச்சாம்பலும் கலந்த இரு கழுத்திறகுகளும் வேண்டும். இறகிழைகளின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரு மடங்குக்குள் இருக்க வேண்டும். நீண்டால் ஈ கவிழும், குறைந்தால் மூழ்கும்.

உட்காரும் முறைக்கும் பங்கு உண்டு. ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். ஈ கட்டுநர் ஹெலன் ஷா 1963-இல் வெளியிட்ட நூலின் படங்களைக் கட்டுபவரின் கண் நின்ற இடத்திலிருந்தே எடுக்கச் செய்தது இதனால்தான். அந்த நூல் பல தலைமுறைக்குப் பயன்பட்டது. இன்று கேமராவை ஆசிரியரின் தோளுக்கு மேல் வைத்துத் திரையில் காட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் திரை ஈயைச் சாப்பாட்டுத் தட்டளவு பெரிதாக்கிவிடுவதால், கற்பவர் தம் முள்ளில் ஏற்றும் ரோமத்தின் அளவும் பெருத்துவிடும். ஆசிரியர் எடுத்த பொருளை அதே அளவில் கையோடு கையாக மேசையைச் சுற்றி அனுப்பிக் காட்டுவது அவசியம். இடக்கைக்காரர்களை ஒன்றாக, அவர்களுள் அனுபவமுள்ளவர் அருகில் அமர்த்தலாம். ஏற்கெனவே கட்டத் தெரிந்தவர்களைத் தனி மேசையில் சேர்க்காமல் இரண்டு புதியவர்களுக்கு ஒருவராக இடையிடையே அமர்த்தினால், ஆசிரியர் ஒருவரால் எட்ட முடியாத கைகளை அவர்கள் எட்டுவார்கள். வேகத்தை மேசையிலேயே மிக மெதுவாகக் கட்டுபவரே நிர்ணயிக்க வேண்டும். முந்தி முடித்தவருக்கு அடுத்த ஈ கட்டுவதற்கு எப்போதும் இன்னொரு முள் உண்டு.

மேசையைச் சுற்றி வரும் பேச்சு இந்த வகுப்புகளின் உயிர். யாருடைய பார்வையும் எதிரிலிருப்பவர் முகத்தில் நிலைக்காமல் கையிலேயே இருப்பதால், புதியவர்களுக்கும் பேச எளிதாகிறது. அமெரிக்காவில் 2005-இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், காயமுற்ற வீரர்களுக்காகத் தொடங்கிய புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் அமைப்பு ஈ கட்டும் வகுப்புகளை இன்றும் நாடெங்கும் நடத்துகிறது. ஒரு கையை இழந்தவரும் கட்டும்படி அமைத்த கருவிகள் இருக்கின்றன. கை நடுங்குபவருக்கு மணிக்கட்டை வைஸின் தண்டில் சாய்த்துக் கட்டப் பழக்குகிறார்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கான காஸ்டிங் ஃபார் ரிகவரி என்ற ஃப்ளை மீன்பிடிப்பு அமைப்பு 1996-இலிருந்து செயல்படுகிறது. ஊர்ச் சங்கங்களின் வகுப்புகள் இந்த அமைப்புகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. முதலில், கண் மங்கிய முதியவருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும், தூவி எளிதில் தெரியும்படி வெளிர் நிற மேசைவிரிப்பும்.

பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இறகில் பெரும்பங்கு இதற்கென்றே வளர்க்கும் சேவல்களிலிருந்து வருகிறது. ஆனால் பழைய சால்மன் ஈக்களின் பொருட்பட்டியலில் காடுகளை வெறுமையாக்கிய பெயர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று தமிழகத்து மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கூவும் சாம்பல் காட்டுக்கோழி. அதன் சேவலின் கழுத்திறகில் மெழுகு சொட்டி உறைந்தது போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு; அவற்றை ஈயின் கண்ணாகப் பொருத்துவார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. இன்று முறையாக விற்கப்படுபவை வெளிநாடுகளில் கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகுகள். அரிய இறகுகள் மீதான ஆசை திருட்டிலும் முடிந்திருக்கிறது: 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில், ஈ கட்டும் ஒரு மாணவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் திரட்டியவையும் அவற்றில் இருந்தன. மீனுக்கு இந்த அரிய இறகுகளும் சாயமிட்ட கோழியிறகும் ஒன்றுதான். அமெரிக்க வகுப்புகளில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, அந்நாட்டுக் காட்டுப்பறவைகளில் பெரும்பாலானவற்றின் இறகைத் தரையில் கண்டெடுத்து வைத்துக்கொள்வதும் குற்றம்.

எடைக்காக முள்ளில் சுற்றும் கம்பி ஈயமாக இருக்கக் கூடாது. ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்ததால் இங்கிலாந்து 1987-இல் தூண்டில் ஈயத்தைப் பெருமளவு தடைசெய்தது. ஈயமில்லாக் கம்பி எங்கும் கிடைக்கிறது. முள்ளின் எதிர்முள்ளை வைஸில் மாட்டும்போதே நசுக்கிவிட்டால் விரலுக்கும் நல்லது, திரும்ப நீரில் விடப்படும் மீனுக்கும் நல்லது. கண்ணாடி அணியாதவர்களுக்குக் காப்புக் கண்ணாடி தர வேண்டும்; அறுந்த நூலின் வேகத்தில் முள் எந்தப் பக்கமும் தெறிக்கும். பசை வைக்கும் நேரத்தில் சன்னல் திறந்திருக்கட்டும். நன்கொடையாக வரும் பழைய இறகுகளைக் காற்றுப்புகாப் பையில் கட்டி, சில நாள் உறைபெட்டியில் வைத்த பிறகே பொதுப் பெட்டியில் சேர்க்க வேண்டும். ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகள் சங்கத்தின் மொத்தச் சேமிப்பையும் அரித்துவிடும்.

கடைசி மாலைக்குக் கட்டிய ஈக்களின் பரிமாற்றத்தை வைத்துக்கொள்வது பல குழுக்களில் வழக்கம். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு வகையில் எட்டு ஈ கட்டி வருவார்கள். ஒவ்வொருவரும் எட்டு வகையுடன் வீடு திரும்புவார்கள். ஒவ்வொரு ஈயோடும் பெயர், முள்ளின் எண், பொருள்கள், கட்டியவர் என்று ஒரு துண்டுச்சீட்டு இருக்க வேண்டும். பரிமாறுவதற்கு முன் ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கலாம்: ஆடம்ஸ் நிமிர்ந்து மிதக்கிறதா, நிம்ஃப் நேராக இறங்குகிறதா, உல்லி பக்கரின் வால் அசைகிறதா. அந்த நீர்ச்சோதனைக்குப் பின் ஈக்களை உடனே பெட்டியில் மூடிவிடக் கூடாது. ஒரு துணியின் மேல் இரவு முழுதும் உலர விட வேண்டும், இல்லையென்றால் வசந்தத்தில் பெட்டியைத் திறக்கும்போது முட்கள் துருவேறியிருக்கும்.